அடித்தல் திருத்தல்

பழைய கிரயப் பத்திரம் ஏதாவது கையில கிடைச்சா கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்க. எழுதிக் கொடுத்தவர் கையெழுத்து, சாட்சிகள், பத்திரம் எழுதினவர் பேர் எல்லாம் இருக்கும். பல பத்திரங்கள்ல கூடவே ஒரு சின்ன வரியும் இருக்கும்: "அடித்தல் திருத்தல் இல்லை". அடிச்சிருந்தா அதையும் ஒளிக்காம எழுதியிருப்பாங்க. மூன்றாம் பக்கம் பன்னிரண்டாம் வரியில் 'வடக்கு' என்பதை அடித்து 'தெற்கு' என்று எழுதியது சரி, அப்படின்னு. பக்கத்துல ஒரு சுருக்கொப்பம்.

ஆடலூர்ப் பக்கம் தோட்டம் வாங்கி விற்கிறவங்களுக்கு இந்த ஒரு வரியோட மதிப்பு தெரியும். திண்டுக்கல்லில் இருந்து தருமத்துப்பட்டி, பன்றிமலை வழியா ஏறினா வர்ற கீழ்ப்பழனி மலை ஊர். மேலே சில்வர் ஓக், அதுல ஏறின மிளகுக் கொடி, நிழல்ல காப்பி, இடையில மலைவாழை. என் தோட்டம் எங்க முடியுது, உன் தோட்டம் எங்க ஆரம்பிக்குதுன்னு கண்ணால பார்த்துச் சொல்றது கஷ்டம். ஓடைக்குக் கிழக்கு, பாறைக்கு மேற்குன்னு செக்குபந்தியில எழுதியிருக்கிறதுதான் பேசும். அந்த இடத்துல ஒரு திசை மாறினா நல்லா காய்ச்ச மிளகு அடுத்தவர் களத்துல காயும்!

அதனாலதான் சட்டமே இதுல கறாரா இருக்கு. 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம், பிரிவு 20. பத்திரத்துல இடைச்செருகலோ, வெற்றிடமோ, சுரண்டலோ, திருத்தமோ இருந்தா, எழுதிக் கொடுத்தவங்க அந்த இடத்துல கையெழுத்தோ சுருக்கொப்பமோ போட்டு ஒத்துக்கணும். இல்லேன்னா சார்பதிவாளர் பதிவு செய்ய மறுக்கலாம். பதிவு செஞ்சாலும், இன்ன இன்ன திருத்தம் இருந்ததுன்னு தன் புத்தகத்துல குறிப்பு எழுதணும். அதாவது திருத்துறது தப்பில்லை. திருத்தினது தெரியாம இருக்கிறதுதான் தப்பு.

சரி, இப்ப எதுக்குப் பத்திரக் கதைன்னு கேட்கிறீங்களா? மேட்டர் வேர்டு கோப்பைப் பத்தினது. காகிதத்துல அடிச்சா அடிச்சது கண்ணுக்குத் தெரியும். கம்ப்யூட்டர்ல அழிச்சா கண்ணுக்குத் தெரியாது. ஆனா பல நேரம் கோப்போட வயித்துக்குள்ள அது பத்திரமா உட்கார்ந்திருக்கும். சுருக்கொப்பம் கேட்காமலே யார் அழிச்சாங்க, எந்தத் தேதி, எத்தனை மணிக்குன்னு எழுதியும் வெச்சிருக்கும். இது தெரியாம கோப்பை அனுப்பி மாட்டிக்கிட்டவங்க பட்டியல் பெருசு. அதுல பிரதமர் அலுவலகமும் உண்டு, ஐக்கிய நாடுகள் சபையும் உண்டு.

முதல்ல, இது எப்படி நடக்குதுன்னு பார்த்துடலாம்.

1990-களில் வன்தட்டு மெதுவா ஓடும், ஃபிளாப்பி அதைவிட மெதுவு. நூறு பக்கக் கோப்புல ஒரு வார்த்தையை மாத்திட்டு சேமிச்சா, மொத்தத்தையும் திரும்ப எழுத நேரம் ஆகும். அதுக்கு வேர்டுல ஒரு குறுக்கு வழி வெச்சிருந்தாங்க, 'ஃபாஸ்ட் சேவ்'னு பேர். பழைய எழுத்தை அப்படியே விட்டுட்டு, மாறுதலை மட்டும் கோப்போட கடைசியில சேர்த்து எழுதிடும். திறந்து பார்த்தா புது வாசகம்தான் தெரியும். அதே கோப்பை நோட்பேட்ல திறந்தா, புரியாத குப்பை எழுத்துகளுக்கு நடுவுல, அழிச்சதா நினைச்ச பழைய வாசகம் ஹாயா உட்கார்ந்திருக்கும். இந்த வசதியைப் பின்னால வந்த பதிப்புகள்ல எடுத்துட்டாங்க.

இன்னொண்ணு நாமே வேணும்னு போட்டுக்கிறது. 'டிராக் சேஞ்சஸ்'. நாலு பேர் சேர்ந்து ஒரு கோப்பைத் திருத்தும்போது யார் என்ன மாத்தினாங்கன்னு சிவப்புல, நீலத்துல காட்டும். நல்ல வசதி, குறை சொல்ல முடியாது. ஆனா அந்தக் கோடெல்லாம் கண்ணை உறுத்துதுன்னு 'நோ மார்க்கப்' தேர்ந்தெடுத்தா கோடுகள் மறையும், அவ்வளவுதான். திருத்தங்கள் அப்படியே இருக்கும். தூசியைப் பெருக்கிப் பாய்க்கு அடியில தள்ளின மாதிரி. வாங்கினவர் பாயைத் தூக்கிப் பார்க்க ஒரு கிளிக் போதும்.

சந்தேகம் இருக்கிறவங்க ஒரு சோதனை பண்ணிப் பாருங்க. 2007-க்கு அப்புறம் வந்த டாக்எக்ஸ் கோப்பு உண்மையில ஒரு ஜிப் மூட்டை. ஒரு நகல் எடுத்து, பேரோட கடைசியை ஜிப்புன்னு மாத்தித் திறங்க. உள்ளே 'வேர்டு'ங்கிற ஃபோல்டர்ல 'டாக்குமெண்ட்'னு ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கும். டிராக் சேஞ்சஸ் போட்டு நீங்க அழிச்ச வரிகள், அழிச்சவர் பேர், தேதி, நேரத்தோட அங்க இருக்கும்.

இனி சரித்திரம்.

2003 பிப்ரவரி. ஈராக் மேல போர் தொடுக்கத் தயாராகிட்டிருந்த நேரம். ஈராக் எப்படியெல்லாம் ஆயுதங்களை மறைக்குதுன்னு பிரிட்டிஷ் பிரதமர் அலுவலகம் ஒரு அறிக்கை கொடுத்தது. பிப்ரவரி 5-ஆம் தேதி ஐ.நா. பாதுகாப்பு சபையில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் அதைப் பாராட்டிப் பேசினார். அதே வாரத்துல கேம்பிரிட்ஜ்ல கிளென் ரங்வாலாங்கிற ஆசிரியர் படிச்சுட்டு, இதை வேற எங்கயோ பார்த்திருக்கோமேன்னு தேடினார். இப்ராஹிம் அல்-மராஷிங்கிற ஆராய்ச்சி மாணவர் 2002-இல் எழுதின கட்டுரையில் இருந்து பக்கம் பக்கமா எடுத்து ஒட்டியிருந்தாங்க. மூலத்துல இருந்த பிழைகள்கூட அப்படியே!

அதோட நிக்கலை. அறிக்கை வேர்டு கோப்பாவே இணையத்துல கிடந்தது. ரிச்சர்ட் ஸ்மித்ங்கிற அமெரிக்கக் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் அதைக் குடைஞ்சு பார்த்தார். கடைசிப் பத்து தடவை அந்தக் கோப்பை யார் சேமிச்சாங்க, எந்த ஃபோல்டர்லன்னு பட்டியல் வந்தது. அரசு அலுவலர்கள் நாலு பேரோட பேர் வெளியே வந்தது. ஃபிளாப்பியில நகல் எடுத்த தடம்கூட இருந்தது. உளவுத்துறைத் தகவல்னு நாடு நம்பின அறிக்கையைத் தொட்டவங்க யார்னு அந்த அறிக்கையே வாய் திறந்து சொல்லிடுச்சு.

இதைப் படிச்சதும் 'நல்லா வேணும்'னு தோணும். எனக்கும் தோணுச்சு. ஆனா அடுத்த கதை அவ்வளவு சுலபமா தீர்ப்புச் சொல்ல விடாது.

2005 பிப்ரவரி 14-ஆம் தேதி லெபனான் முன்னாள் பிரதமர் ரஃபிக் ஹரிரி பெய்ரூட்டில் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். விசாரிக்க ஐ.நா. அனுப்பினது ஜெர்மன் வழக்கறிஞர் டெட்லெவ் மெலிஸ் தலைமையிலான குழுவை. அக்டோபர் 20-ஆம் தேதி அறிக்கை வந்தது. ஒரு சாட்சி சொன்னதா, மூத்த லெபனான், சிரிய அதிகாரிகள் கொலைக்குத் திட்டம் போட்டாங்கன்னு பேர் இல்லாம ஒரு வரி. பத்திரிகைக்காரங்களுக்குப் போனதோ திருத்தங்களோட கூடிய வேர்டு கோப்பு. அழிச்ச பேர்கள் தெரிஞ்சுடுச்சு. சிரிய அதிபரோட தம்பி பேரும் மச்சான் பேரும் அதுல இருந்தது. கடைசி நேரத்துல, அறிக்கை ஐ.நா. பொதுச்செயலர் கோபி அன்னான் கைக்குப் போன அதே நாள்ல அழிச்சது நேரத்தோட தெரிஞ்சது.

பெரிய ரகளை. அன்னான் சொல்லி அழிச்சாங்களான்னு கேள்வி. மெலிஸ் மறுத்தார். ஒரே ஒரு சாட்சியோட சொல், இன்னும் நிரூபணம் ஆகலை, அறிக்கை பொதுவில் வெளியாகப் போகுதுன்னு தெரிஞ்சதும் நானேதான் எடுத்தேன்னார். அந்த விளக்கத்தை ஏத்துக்கிட்டா, அவர் செஞ்சது சரிதானே? நிரூபிக்காத குற்றச்சாட்டுல ஒருத்தர் பேரை உலகம் முழுக்கப் பரப்பக் கூடாதுங்கிறது நியாயம். ஆனா நியாயமான அந்தத் திருத்தம் பாதியிலயே நின்னு போச்சு. மறைக்கணும்னு எடுத்த பேர்தான் மறுநாள் தலைப்புச் செய்தி. எடுக்காம விட்டிருந்தாகூட இவ்வளவு வெளிச்சம் விழுந்திருக்காது.

அதே 2005-இல் மே மாசம் இன்னொரு கூத்து. பாக்தாத் சோதனைச் சாவடியில் நிக்கோலா கலிபாரிங்கிற இத்தாலிய உளவுத்துறை அதிகாரி அமெரிக்கப் படையினரால சுடப்பட்டு இறந்ததைப் பத்தின அமெரிக்க ராணுவ அறிக்கை. பிடிஎஃப்ல ரகசியப் பகுதிகள் மேல கறுப்புப் பட்டை. இத்தாலியில் படிச்சவங்க அந்தப் பட்டையைத் தேர்வு செஞ்சு, நகல் எடுத்து, வேற இடத்துல ஒட்டினாங்க. அடியில இருந்த எழுத்து முழுக்க வந்துடுச்சு. அந்த வருஷ டிசம்பர்ல அமெரிக்காவின் என்எஸ்ஏவே, வேர்டு கோப்பை எப்படிச் சுத்தம் பண்ணி பிடிஎஃப் ஆக்கணும்னு ஒரு கையேடு போட்டது. உலகத்தையே ஒட்டுக் கேட்கிறவங்க பாடம் எடுக்க வேண்டிய நிலைமை!

ஆக, கோப்பை அனுப்பும் முன் சுத்தம் பண்றது கள்ளத்தனம் இல்லை. நம்ம மட்டத்துக்கு இறங்கி ஒரு உதாரணம். ஆடலூர்ல ஒருத்தர் தோட்டத்து வீட்டைத் தங்கும் விடுதியா மாத்த நினைக்கிறார். நீங்க எஸ்டிமேட் போட்டுத் தர்றீங்க. போன மாசம் வேற ஒருத்தருக்குப் போட்ட கோப்பையே எடுத்து, பேரை மாத்தி, தொகையை மாத்தி, 'இவர் பேரம் பேசுவார், கொஞ்சம் ஏத்தி வை'ன்னு கூட்டாளி ஓரத்துல எழுதின குறிப்பையும் மறைச்சுட்டு அனுப்பறீங்க. அவர் திறந்ததும் பழைய வாடிக்கையாளர் பேர், அவருக்குக் கொடுத்த விலை, கூட்டாளியோட குறிப்பு எல்லாம் வரிசையா நிக்குது. உங்க வியாபாரம் போறது ஒரு பக்கம். சம்பந்தமே இல்லாத அந்தப் பழைய வாடிக்கையாளர் விவகாரம் ஊருக்குள்ள போகுதே, அது யார் குத்தம்? அவர் உங்களை நம்பித்தானே சொன்னார்?

இதோட 'எல்லாத்தையும் துடைச்சுடுங்க'ன்னு சொல்லிப் பதிவை முடிச்சிருக்கலாம். ஆனா நம்ம நாட்டுல நடந்த ஒண்ணு குறுக்கே நிக்குது.

நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீட்டு வழக்கு. சிபிஐ விசாரணை பத்தின நிலை அறிக்கையை உச்ச நீதிமன்றத்துல தாக்கல் பண்ணுச்சு. இதை அரசியல் தரப்பு யாருக்காவது காட்டினீங்களான்னு நீதிமன்றம் கேட்டது. 2013 ஏப்ரல் 26-ஆம் தேதி சிபிஐ இயக்குநர் ரஞ்சித் சின்ஹா பிரமாணப் பத்திரம் தாக்கல் செஞ்சார். சட்ட அமைச்சர் அஸ்வனி குமாருக்கும், பிரதமர் அலுவலக, நிலக்கரி அமைச்சக அதிகாரிகளுக்கும் வரைவு காட்டப்பட்டது உண்மைன்னார். என்ன மாத்தினாங்கன்னு மே 6-ஆம் தேதி இன்னொரு பிரமாணப் பத்திரம். சில வரிகள் எடுக்கப்பட்டது அதுல வந்தது. கூடவே, ஒவ்வொரு மாற்றத்தையும் இன்னார்தான் செஞ்சார்னு உறுதியாச் சொல்றது கடினம்னும் இருந்தது. மே 8-ஆம் தேதி நீதிபதி ஆர்.எம். லோதா தலைமையிலான அமர்வு சிபிஐயைக் கூண்டுக்கிளின்னு சொன்னது நாடு முழுக்கப் பேச்சாச்சு. மே 10-ஆம் தேதி அமைச்சர் ராஜினாமா.

கவனிச்சீங்களா? லண்டன்ல நாலு பேரோட பேர் கோப்புல இருந்து தானா வெளியே வந்தது. டெல்லியில நாட்டின் உச்ச நீதிமன்றம் கேட்டும், யார் எதை மாத்தினாங்கன்னு உறுதியான பதில் வரலை. ஒரு காப்பித் தோட்டப் பத்திரத்துல ஒரு திசையை மாத்த சுருக்கொப்பம் கேட்கிற நாட்டுல, லட்சக்கணக்கான கோடி பேச்சுல இருந்த ஒரு வழக்கோட அறிக்கையில சுருக்கொப்பம் இல்லை.

நமக்கு இன்னும் நெருக்கமான ஒண்ணும் உண்டு. 2009-இல் இலங்கையில் போரின் கடைசி மாதங்களில் ஐ.நா. எப்படி நடந்துகொண்டது என்று அதுவே நியமித்த உள் ஆய்வு, சார்லஸ் பெட்ரி தலைமையில். 2012 நவம்பர்ல அறிக்கை வெளியாகும் முன்னாடியே வரைவு பிபிசி கையில கிடைச்சது. மறுநாளே ஐ.நா. அறிக்கையை வெளியிட்டது. வரைவுல இருந்த சுருக்கவுரை அதுல இல்லை. பல இடங்கள்ல கறுப்புப் பட்டை. வன்னியில் மக்கள் செத்துக்கிட்டிருந்தப்ப ஐ.நா. தன் கடமையில் தவறியது என்ற முடிவை அறிக்கை மறைக்கவில்லை, அதைச் சொல்லியாகணும். ஆனா உறவுகளைப் பறிகொடுத்தவங்க அந்தக் கறுப்புப் பட்டையைப் பார்த்தப்ப என்ன நினைச்சிருப்பாங்க? வரைவு வெளியே வந்திருக்காட்டி, சுருக்கவுரைன்னு ஒண்ணு இருந்ததே எத்தனை பேருக்குத் தெரிஞ்சிருக்கும்?

அப்ப திருத்த வரலாற்றைத் துடைக்கணுமா, வைக்கணுமா? இதுக்கு நான் கண்டுபிடிச்ச பதில் மைக்ரோசாஃப்ட் உதவிப் பக்கத்துல இல்லை. கொள்ளிடக் கரையில இருக்கு.

அரியலூர் மாவட்டம் திருமழபாடி வைத்தியநாத சுவாமி கோயில். ராஜராஜ சோழன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில், ஏறக்குறைய 1013-இல், அந்தக் கோயில் விமானத்தைப் பிரிச்சுட்டுப் புதுசாக் கட்டச் சொன்னான். சுவர் முழுக்கப் பழைய கல்வெட்டுகள். யார் எவ்வளவு நிலம் கொடுத்தாங்க, எந்த விளக்குக்கு எத்தனை ஆடுன்னு கோயிலோட பத்திரம் பூரா அதுலதான். அதனால ஆணையிலயே ஒரு நிபந்தனை: இடிக்கும் முன் எல்லாக் கல்வெட்டையும் புத்தகத்தில் படியெடுத்துக்கொள்ளணும். ராஜேந்திர சோழன் காலத்துல, சுமார் 1026-இல், புதுச் சுவர்ல அதையெல்லாம் திரும்ப வெட்டினாங்க. இடையில பதிமூணு வருஷம். ராஜா மாறியாச்சு. ஆனா கணக்கு தொலையலை.

இதுக்கு முன்னாடியே, பத்தாம் நூற்றாண்டுல, செம்பியன் மாதேவி திருக்கோடிகாவல் கோயிலைக் கற்றளியாக் கட்டினப்ப இதே வேலை நடந்திருக்கு. அங்க திரும்ப வெட்டின கல்வெட்டுகள்ல, இது பழைய கல்லில் இருந்ததன் படி என்று சொல்லியே வெட்டியிருக்காங்க. "பழங்கற்படி"ன்னு அதுக்கு ஒரு வார்த்தையே இருந்திருக்கு. இது புதுசு இல்லை, பிரதி, மூலம் வேறன்னு ஒளிவுமறைவில்லாம.

இடிக்கும் முன் படி எடு. இவ்வளவுதான் விஷயம். மூலக்கோப்பு, திருத்தங்களோட, பேர்களோட, தேதியோட உங்ககிட்ட அப்படியே இருக்கட்டும். வெளியே போறது சுத்தமான நகல். வாடிக்கையாளருக்குத் தேவை முடிவான வாசகம், உங்க வீட்டுச் சண்டை இல்லை. நாளைக்கே ஒரு வழக்கு, ஒரு தணிக்கை, ஒரு தகவல் உரிமை மனுன்னு வந்தா, யார் எப்ப மாத்தினதுன்னு காட்ட மூலம் இருக்கணும். அதைத் துடைக்கிற உரிமை யாருக்கும் இல்லை, அரசாங்கத்துல இருக்கிறவங்களுக்குச் சுத்தமா இல்லை.

செய்முறை சுருக்கமா. முதல்ல 'சேவ் ஆஸ்' கொடுத்து வேற பேர்ல நகல் எடுங்க. மீதி வேலை எல்லாம் நகல்லதான். ரிவ்யூ பகுதியில போய் எல்லா மாற்றங்களையும் ஏத்துக்கிட்டு டிராக்கிங்கை நிறுத்துங்க, குறிப்புகளை நீக்குங்க. பிறகு ஃபைல், இன்ஃபோ, 'செக் ஃபார் இஷ்யூஸ்', 'இன்ஸ்பெக்ட் டாக்குமெண்ட்'. இந்த வசதி 2007 பதிப்புல இருந்து இருக்கு. பேர், மறைச்ச எழுத்து, தலைப்பு அடிக்குறிப்புன்னு என்னென்ன இருக்குன்னு பட்டியல் போடும், வேண்டாததை நீக்கலாம்.

ரெண்டு இடத்துல ஜாக்கிரதை. எக்செல்ல இருந்து வரைபடத்தை வேர்டுல ஒட்டினா சில சமயம் மொத்த ஒர்க்புக்கும் கூடவே வந்துடும், அதைப் படமா ஒட்டுங்க. படத்தோட ஓரத்தை வெட்டினாலும் வெட்டின துண்டு உள்ளேயே இருக்கும், 'டிலீட் கிராப்டு ஏரியாஸ்' கொடுத்தாத்தான் போகும்.

லிப்ரே ஆபீஸ்காரங்களுக்கு எடிட், 'டிராக் சேஞ்சஸ்', 'மேனேஜ்' வழியா முடிவு பண்ணலாம். பாதுகாப்பு அமைப்புகள்ல சேமிக்கும்போதே தனிப்பட்ட தகவலை நீக்கச் சொல்லியும் வெக்கலாம். கூகுள் டாக்ஸ்ல திருத்தும் உரிமை கொடுத்தவர் பழைய வரலாறு முழுக்கப் பார்க்க முடியும். வேண்டாம்னா 'மேக் எ காப்பி' எடுத்து அந்த நகலைப் பகிருங்க, அதுக்குப் பழைய வரலாறு வராது. கறுப்புப் பட்டை மட்டும் போட்டுட்டு மறைச்சுட்டதா நினைக்காதீங்க. எழுத்தையே எடுத்துட்டு அந்த இடத்துல 'நீக்கப்பட்டது'ன்னு போடுங்க. நீக்கினதையாவது ஒத்துக்கிட்ட மாதிரி இருக்கும்.

அனுப்பும் முன் அந்த ஜிப் சோதனையை ஒரு தடவை செஞ்சு பார்த்துடுங்க, அஞ்சு நிமிஷ வேலை. வேற நல்ல வழி தெரிஞ்சவங்க சொல்லுங்க, சேர்த்துடறேன். சேர்த்தா, எந்தத் தேதியில சேர்த்தேன்னு கீழேயே எழுதிடறேன்.